ஆயில் எங்கே போச்சு?

பைக்குக்கு சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்தறோம். வீட்டு ஃப்ரிட்ஜுக்கு யாராவது மாத்திப் பாத்திருக்கீங்களா? பதினஞ்சு வருஷம் ஓடினாலும் மாத்த மாட்டோம். காரணம் சிம்பிள். எஞ்சின்ல ஆயில் கொஞ்சம் எரியும், கரி கலக்கும். கம்ப்ரசர்ல எரியறதுக்கு வேலையே இல்லை. மூடின குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும்.

இந்த 'சுத்தறது'தான் மேட்டரே. கம்ப்ரசர் கேஸைத் தள்ளும்போது கொஞ்சம் ஆயிலும் கூடவே கிளம்பிடும். கண்டென்சர், கூலிங் காயில் எல்லாம் சுத்திட்டு, கேஸோட வேகத்துல திரும்பி வந்தாகணும். அதனால ஆயில் குறைஞ்சா ரெண்டே காரணம்தான். ஒண்ணு லீக். இல்லேன்னா வழியில எங்கயோ தங்கிடுச்சு.

எனக்கு இது புரிஞ்சது சித்தப்பா புண்ணியத்துல. நாகப்பட்டினத்துல லோன் போட்டு சின்னதா ஒரு மீன் கோல்ட் ரூம் வெச்சிருக்கார். நான் போயிருந்த அன்னிக்கு கம்ப்ரசர் ஆயில் பிரஷர் இல்லாம ட்ரிப் ஆகி நின்னுடுச்சு. உள்ளே ரெண்டு டன் இறால். மறுநாள் லோடு ஏத்தணும். பாதி வரைக்கும் இருக்கவேண்டிய ஆயில், சைட் கிளாஸோட அடியில கிடக்குது.

சர்வீஸ் பையன் ஹேண்ட் பம்பை மாட்ட ரெடியாயிட்டான். "ஒரு லிட்டர் அடிச்சா ஓடிரும் சார்." கூட வந்த வயசான பாய் விடலை. "ஊத்தறது அஞ்சு நிமிஷ வேலைப்பா. இருந்த ஆயில் எங்க போச்சு, அதச் சொல்லு."

குழாய் ஜாயின்ட் எல்லாம் தடவிப் பாத்தார். எங்கயும் பிசுக்கு இல்லை. உள்ளே போய் பாத்தா, டீஃப்ராஸ்ட் ஹீட்டர் எரிஞ்சு போய் கூலிங் காயில் முழுக்க ஐஸ் பாறை. காத்து புகலைன்னா லோடு இல்லை, கேஸுக்கு வேகமும் இல்லை. குளிர்ல கெட்டியான ஆயில் காயில்லயே படுத்துடுச்சு.

"ரெண்டு மணி நேரம் நிறுத்திவைங்கண்ணே, ஐஸை உருக்கணும்"னார். சித்தப்பா முகத்தைப் பாக்கணுமே... இறால் உள்ளே, மெஷின் ஆஃப். ஆனாலும் சரின்னுட்டார்.

திரும்ப ஓட விட்டதும் முதல்ல வெறும் நுரை. "நுரையில லெவல் பாக்கக்கூடாது"ன்னு பாய் காத்திருந்தார். அரை மணி நேரத்துல ஆயில் தானா பாதிக்கு வந்து நின்னுச்சு! பையன் சொன்ன ஒரு லிட்டரும் ஊத்தியிருந்தா? அளவுக்கு மீறி சிலிண்டருக்குள்ள போயிருக்கும். திரவத்தை அமுக்க முடியாது, வால்வ் பிளேட் உடையும். கம்ப்ரசரே காலி.

இன்னொண்ணும் சொன்னார். ஆர்22-க்கு மினரல் ஆயில், ஆர்404ஏ-க்கு பிஓஇ, மாத்தி ஊத்தக்கூடாது. பிஓஇ காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிடும், அதனால திறந்த கேன் ஆகாது.

நம்ம ஃபீல்டுலயும் இதே கதைதான். மெமரி லீக்குக்கு மருந்து, இன்னும் நாலு ஜிபி ரேம் :-)

கிளம்பறப்ப பாய் பேனல் கதவுல மார்க்கரால எழுதினார்: தேதி, 'ஹீட்டர் மாத்தணும், ஆயில் சேர்க்கலை, லெவல் பாதி.' அடுத்து வர்ற மெக்கானிக்குக்காம்.