பொருந்துவதும் பொருத்தமானதும்

பழையது என்றவுடன் பயனற்றது என்று முடிவு கட்டிவிடுவது மனித இயல்பு. பழைய பொருளொன்று பழுதுற்றால், உள்ளிருப்பவை அனைத்தையும் அகற்றிப் புதியனவற்றைப் பொருத்தினாலன்றி நம் மனம் அமைதி கொள்வதில்லை. இம்மனப்போக்கை நிதானமாக எண்ணிப் பார்க்க எனக்கு வாய்ப்பளித்தது ஒரு கித்தார் ஆம்ப்ளிஃபையர்.

வால்வு ரேடியோவைக் கண்ட தலைமுறையினர் இதனை எளிதில் உணர்வர். திருகியவுடன் ஒலி வராது. கண்ணாடிக் குழாய்க்குள் இழை சிவந்து சூடேறிய பின்னரே குரல் எழும். 1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்தது. காலப்போக்கில் வானொலி வால்வைக் கைவிட்டது. கித்தார் இசைஞர்கள் மட்டும் கைவிடவில்லை. அளவுமீறி ஒலியைக் கூட்டினாலும், வால்வின் ஒலி சட்டென உடையாமல் கனிந்து தடிக்கிறது என்பர். ஸ்லோவாக்கியா, ரஷ்யா முதலிய நாடுகளின் ஆலைகள் அவர்களுக்காகவே இன்றும் வால்வு செய்கின்றன.

நான் அமெரிக்காவில் பங்குப்பணி ஆற்றிய நாள்களில், பாடகர் குழு இளைஞர் ஒருவர் ஒன்பது வால்வுகள் கொண்ட பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கினார். இசையினூடே கரகரப்பும், மணி அடித்தாற்போன்ற ஓர் அதிர்வும் கேட்டன. ஒன்பதையும் மாற்றிவிடுமாறு பலரும் கூறினர். இளைஞரோ மல்லார்டு, ஆர்.சி.ஏ. ஆகிய புகழ்பெற்ற பழைய வால்வுகளையே நாடினார். அவற்றைச் செய்த ஆலைகள் மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டமையால், எஞ்சியவற்றின் விலை மிகுதி. இரவுப் பணியாற்றிக் கல்லூரிக் கட்டணத்துக்கெனச் சேர்த்த தொகை அதற்கே கரைந்துவிடும் நிலை.

முதியவரான பழுதுபார்ப்பாளர் ஒருவரிடம் இருவரும் சென்றோம். அவர் முதலில் எச்சரித்தது உயிரைப் பற்றி. உள்ளே 400 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கக்கூடும். பயிற்சியற்ற கை உள்ளே போதல் ஆகாது.

பின்னர் ஆம்ப்ளிஃபையரை இயக்கி, சிறு வால்வுகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினார். ஒன்று மட்டும் ஒலிபெருக்கியில் கணீரென ஒலித்தது. அதனை மாற்றியதும் அதிர்வும் கரகரப்பும் அகன்றன. அடுத்து, இறுதி ஒலியை உந்தும் இரு 6வி6 வால்வுகளின் மின்னோட்டத்தை அளந்தார். இரண்டும் பாதிப்பாதி சுமக்க வேண்டியவை; ஒன்று தளர்ந்திருந்தது. ஆகவே அளந்து இணைசேர்த்த புதிய இரண்டைப் பொருத்தி, அவற்றுக்கேற்ப மின்னோட்டத்தையும் சீர்செய்தார்.

பெருக்கும் திறன் மிக்க 12ஏஎக்ஸ்7 வகையையே எல்லாச் சிறு குழிகளிலும் இட்டால் என்ன என்று இளைஞர் வினவினார். அதன் பெருக்கம் 100. 12ஏடி7-இன் பெருக்கமோ 60. இரண்டுக்கும் ஒன்பது ஊசிகளே; ஒரே குழியில் இரண்டும் அமரும். ஆயினும் எதிரொலிச் சுருளை இயக்கும் இடத்தில் வேண்டுவது மிகுந்த பெருக்கமன்று, கூடுதல் மின்னோட்டத்தை வழங்கும் வலிமை. அங்கே 60-க்கு முன் 100 தோற்றுவிடும் என்றார் அம்முதியவர். பொருந்துவது வேறு, பொருத்தமானது வேறு என்பதை அன்று கண்கூடாகக் கண்டேன்.

மாற்றப்பட்டவை மூன்றே. கல்லூரிக் கட்டணமும் உரிய நாளில் செலுத்தப்பட்டது.

புதியதை வெறுக்க வேண்டியதில்லை. பழுதுற்றதைப் பாசத்தால் தாங்கிக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் எதையும், எவரையும் விலக்குமுன் தட்டிப் பார்த்துக் காதுகொடுத்துக் கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும். ஓய்ந்தவை என்று பலரும் ஒதுக்கச் சொன்ன மற்ற ஆறு வால்வுகளும், அந்த ஆம்ப்ளிஃபையரில் தத்தம் இடத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தன.