பத்தொன்பது நாள்

1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் வரைக்கும் நாங்கள் சுன்னாகத்தில் இருந்தோம். இரவில் பலாலிப் பக்கம் வானம் ஒருதரம் வெளித்தால் அம்மா எண்ணத் தொடங்குவா. எங்களையும் எண்ணச் சொல்லுவா. ஒன்று, இரண்டு, மூன்று என்று போய் இருபதில் சத்தம் வந்தால், "இருபது எண்டால் பலாலிதான்" என்பா. அதைவிடக் குறைவாக வந்தால் ஒன்றும் பேசாமல் எங்களைப் பதுங்குகுழிக்குள் இறக்கிவிடுவா. அம்மா எட்டாம் வகுப்புவரை படித்தவ. ஒலி ஒரு கிலோமீற்றர் ஓட ஏறத்தாழ மூன்று செக்கன் எடுக்கும் என்பதோ, இருபதை மூன்றால் பிரித்தால் ஏழு கிலோமீற்றர் அளவில் வரும் என்பதோ அவவுக்குத் தெரியாது. அது தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கு இந்த எண்ணிக்கையை நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

1997 இல் ஜேர்மனிக்கு வந்தோம். இங்கே படித்து, பௌதிகத்தில் பட்டம் எடுத்து, இப்போது மியூனிச் நகரில் ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தில் பரிசோதகராக இருக்கிறேன். ஆக்கவுரிமை என்பது பேட்டன்ட். ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் அதை மற்றவர்களும் செய்யக்கூடிய அளவுக்கு ஒளிவு மறைவில்லாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டு வரைக்கும் மற்றவர்கள் அதைச் செய்து விற்காமல் தடுக்கும் உரிமை அவருக்குக் கிடைக்கும். நமது நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் இது இருக்கிறது.

என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் ஒரே வகை விண்ணப்பங்கள். ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் கமராச் சில்லுகள். 2020 முதல் விலை கூடிய சில கைத்தொலைபேசிகளின் பின்பக்கத்தில் இப்படி ஒன்று இருக்கிறது. தானாக வீடு கூட்டும் இயந்திரங்களிலும் வாகனங்களிலும் இருக்கிறது. சாதாரண கமரா ஒரு சுவரைப் பார்த்தால் அதன் நிறத்தைச் சொல்லும். இது ஒவ்வொரு புள்ளியும் எத்தனை மீற்றர் தள்ளி இருக்கிறது என்று சொல்லும்.

அம்மா செய்த வேலைதான். ஆனால் அம்மா எண்ணியது ஒலியை. ஒளியை எண்ணுவது லேசான காரியமில்லை. ஒரு செக்கனை நூறு கோடி பங்காகப் போட்டால், அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒளி 30 சென்ரிமீற்றர் ஓடிவிடும். பிள்ளைகளின் அடிமட்டத்தின் நீளம். 1849 இல் பிரான்சில் ஃபிசோ என்றொருவர் 720 பல்லுள்ள ஒரு சக்கரத்தைச் சுழற்றி, ஒரு பல்லிடைவெளியால் ஒளியை அனுப்பி, 8 கிலோமீற்றருக்கு அப்பால் மொன்மார்த்ர் மேட்டில் இருந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருவதைப் பார்த்தார். திரும்பி வருவதற்குள் அடுத்த பல் வந்து மறைத்தால், ஒளிக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணக்குப் பார்க்கலாம். அவருக்கு வந்த விடை சரியான வேகத்தைவிட ஏறத்தாழ ஐந்து வீதம்தான் கூட. பல்லுச் சக்கரத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு கிட்ட வந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

இன்றைய சில்லில் சக்கரம் இல்லை. மழை பெய்யும்போது தாழ்வாரத்தின் கீழே இரண்டு வாளி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சில்லின் ஒவ்வொரு புள்ளிக்கும் அப்படி இரண்டு வாளி. விளக்கு 30 பங்கு நேரம் எரிகிறது. அந்த நேரம் முழுவதும் முதல் வாளி திறந்திருக்கும். விளக்கு அணைந்தவுடன் அது மூடி, அடுத்த 30 பங்குக்கு இரண்டாவது திறக்கும். எதிரே ஒருவர் 3 மீற்றர் தூரத்தில் நின்றால் ஒளி போய் வர 20 பங்கு பிடிக்கும். ஆகவே முதல் வாளிக்குள் 10 பங்கு ஒளிதான் விழும், மிச்சம் 20 பங்கும் இரண்டாவதற்குள் போகும். இரண்டையும் ஒப்பிட்டால் தூரம் வந்துவிடும். ஒரு தடவை வரும் ஒளி போதாது என்பதால் ஆயிரக்கணக்கான தடவை இப்படிச் செய்வார்கள். சொல்ல இலகுவாக இருக்கிறது. ஆனால் பகலில் வெயில் இரண்டு வாளியையும் நிரப்பிவிடும். இந்தத் துறையில் வரும் விண்ணப்பங்களில் எத்தனையோ இந்த வெயிலோடு படும் பாடுதான்.

விண்ணப்பத்தின் முக்கிய பகுதி படமோ விளக்கமோ அல்ல, முடிவில் இலக்கமிட்டு எழுதும் உரிமைக் கோரிக்கைகள்தான். நமது காணி உறுதியில் வடக்கே இன்னார் காணி, கிழக்கே ஒழுங்கை என்று எல்லை எழுதுவார்களே, அது போல. எந்தச் சொல்லை எழுதினாரோ அதுதான் எல்லை. எல்லைக்குள் ஏற்கெனவே வேறொருவரின் பொருள் இருந்தால் உறுதி செல்லாது. அது புதியதா என்பதை முதலில் பார்ப்போம். புதியதுதான் என்றாலும், அத்துறையில் சாதாரண அனுபவமுள்ள ஒருவர் யோசித்துச் செய்துவிடக் கூடியதா என்று அடுத்துப் பார்ப்போம். நல்லதா, விலை போகுமா, பாடுபட்டுச் செய்தாரா என்பவை எங்கள் கேள்வியே இல்லை. 1995 இடப்பெயர்வில் எங்கள் உறுதிப்பெட்டி தொலைந்து, பிறகு அம்மா எல்லை நிரூபிக்கப் பட்ட பாட்டைக் கண்டதாலோ என்னவோ, ஒரு சொல்லின் பாரம் எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வந்த ஒரு கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆளின் பெயரும் நாடும் வேண்டாம். நான்கு பேர் கொண்ட சிறிய நிறுவனம். கண்டுபிடித்தவர் ஓர் இளம் பெண். புள்ளியின் இரண்டு வாளிகளையும் புது முறையில் அடுக்கி, இடத்தை மிச்சம் பிடித்திருந்தார். வாசித்தபோதே நல்ல வேலை என்று தெரிந்தது. இதற்கு முன் யாராவது இப்படிச் செய்தார்களா என்று தேடத் தொடங்கினேன். அமெரிக்க, ஜப்பானிய, சீனப் பத்திரங்கள் எல்லாம் பார்த்தேன். கிட்ட வந்தவை உண்டு, அதேபோல ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் பட்டியலில் ஒரு கலாநிதிப் பட்ட ஆய்வேடு அகப்பட்டது. நான்காம் அத்தியாயத்தில் அதே வாளி, அதே அடுக்கு, படம்கூட அதேதான். எழுதியவர் பெயரைப் பார்த்தேன். விண்ணப்பித்த அதே பெண்.

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கண்டுபிடித்தவர் தானே முன்கூட்டி வெளியிட்டால் விண்ணப்பிக்க ஓராண்டு தவணை உண்டு. ஐரோப்பாவில் இல்லை. உங்கள் வாயால் நீங்கள் சொன்னாலும், விண்ணப்பத்துக்கு முன்பு பொதுமக்களுக்கு எட்டியிருந்தால் அது பழையது. இனி நாள்தான் கேள்வி. ஆய்வேட்டின் அட்டையில் மாதம் மட்டும் இருந்தது. அது போதாது. நூலகத்துக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு கிழமையில் பதில் வந்தது. அந்தப் பிரதி அலுமாரிக்கு வந்தது விண்ணப்பத்துக்குப் பத்தொன்பது நாள் முன்பு. அந்தப் பத்தொன்பது நாளில் ஒருவரும் அதை இரவல் எடுக்கவில்லை. ஆனால் சட்டத்துக்கு அது முக்கியமில்லை. ஒருவர் வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்பதே போதும்.

அறிக்கையை எழுதி அனுப்பினேன். அவர்கள் தரப்புச் சட்டத்தரணி கடிதத்துக்குக் கடிதம் மறுத்தார், சரிவரவில்லை. கடைசியில் வாய்மூல விசாரணை வைத்தோம். ஒரு கோப்பைத் தீர்மானிப்பது நாங்கள் மூன்று பரிசோதகர். அந்தப் பெண்ணும் வந்திருந்தார். சட்டத்தரணி பேசி முடித்த பிறகு கை உயர்த்திக் கேட்டார்:

"அந்த ஆய்வேடு என்னுடையது. என் பொருளை நானே எப்படிக் களவெடுக்க முடியும்?"

களவு என்று ஒருவரும் சொல்லவில்லை, நாளைத்தான் பார்க்கிறோம் என்று எங்கள் தலைவர் அமைதியாகச் சொன்னார். அவர் இன்னொன்றும் சொன்னார். விண்ணப்பத்தை ஆய்வேட்டுக்கு முன்னரே போடுவதாகத்தான் இருந்ததாம். பிள்ளை ஒரு மாதம் முந்திப் பிறந்துவிட்டது. ஆய்வேடு தன்பாட்டில் நூலகத்துக்குப் போய்விட்டது. இதைக் கேட்டு நாங்கள் மூவரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டத்தில் இதற்கு இடமில்லை. எனக்கும் இரண்டு பிள்ளைகள். அப்படியிருந்தும் அதை எழுத ஒரு பத்தி இல்லை.

இடைவேளையின்போது விவரணத்தை மறுபடி புரட்டினேன். முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. வெயிலால் வாளிகள் நிரம்ப வரும்போது இரண்டிலிருந்தும் சம அளவை வெளியே ஊற்றிவிடுவது பழைய யுக்தி. வித்தியாசம் அப்படியே இருக்கும் என்பதால் தூரம் கெடாது. ஆனால் இந்த வரி சொன்னது வேறு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நான்கு புள்ளிகளும் சேர்ந்து, அவற்றில் எது முதலில் நிரம்புகிறதோ அதன்படி ஒரே நேரத்தில் ஊற்ற வேண்டும் என்று இருந்தது. அது ஆய்வேட்டில் இல்லை. ஆய்வேட்டை முடித்த பிறகு, விண்ணப்பம் எழுதும்போது சேர்த்திருக்கிறார்.

விண்ணப்பித்த நாளில் எழுதாத எதையும் பிறகு சேர்க்க முடியாது. இந்தச் சட்டத்தை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் இலக்கம் சொல்லித்தான் அழைப்பார்கள், 123(2). எத்தனையோ நல்ல விண்ணப்பங்கள் அந்த இலக்கத்தில் தடுக்கி விழுந்திருக்கின்றன. அந்த ஒரு வரியை அவர் அன்றைக்கு எழுதாமல் விட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

இங்கே எனக்கு ஒரு பயம் வந்ததை மறைக்கக் கூடாது. அந்த வரியை நான் கண்டது பரிசோதகராகவா, அல்லது அந்தப் பிள்ளைக் கதையைக் கேட்ட தாயாகவா? மற்ற இருவரிடமும் காட்டினேன். தலைவர் வாசித்துவிட்டு, "இதில் சேர்ந்து என்று இருக்கிறதா, நீ வாசிக்கிறாயா?" என்று கேட்டார். இருந்தது. விசாரணை திரும்பத் தொடங்கியதும் அந்தப் பக்கத்தை நாங்கள் குறிப்பிட்டோம். சட்டத்தரணி உடனே பிடித்துக்கொண்டு, கோரிக்கையை அதற்குள் ஒடுக்கி எழுதித் தந்தார். நான் இன்னொரு தடவை தேட வேண்டும் என்று கேட்டு, விசாரணையை ஒத்திவைத்தோம். முதல் தடவையைவிடக் கடுமையாகத் தேடினேன். ஒரு ஜப்பானியப் பத்திரம் மிகவும் கிட்ட வந்தது. அதில் நான்கு புள்ளிகள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் தன்பாட்டில் ஊற்றியது. அதைப் பார்த்த ஒருவர் இதையும் யோசித்திருப்பாரா என்று மூவரும் அரை நாள் வாதாடினோம். இல்லை என்று முடிவானது.

உரிமை கொடுத்தோம். முதலில் அவர் கேட்டது முழு வளவு. கிடைத்தது ஒரு மூலை. இரண்டு வாளிகளை அடுக்கும் அந்த அழகான முறையை இன்றைக்கு யாரும் செய்யலாம், அவருக்கு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. பிழை எங்கள் பக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்காக மனம் லேசாகிவிடவில்லை. உரிமை கொடுத்த பிறகு மற்றவர்கள் ஆட்சேபிக்க ஒன்பது மாதம் உண்டு. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

அம்மா என்னோடுதான் இருக்கிறா. இங்கே ஆங்கில வருடப்பிறப்பு இரவில் மியூனிச் முழுக்க வாணவேடிக்கை. யன்னலில் வெளிச்சம் வெட்டினால் இப்பவும் எண்ணுவா. இரண்டில் வெடித்தால், "கிட்டத்தான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பா. அப்படி ஓர் இரவில்தான் இந்தக் கோப்பின் கதையை, பெயர் சொல்லாமல், அவவுக்குச் சொன்னேன். வாளிக் கணக்கு அவவுக்கு உடனே விளங்கியது. பத்தொன்பது நாள் விளங்கவில்லை, அல்லது விளங்கியும் ஏற்றுக்கொள்ளவில்லை.

"கடைசியிலை அந்தப் பிள்ளைக்குக் குடுத்தனீங்களோ?"

"கொஞ்சம் குடுத்தனாங்கள் அம்மா."

"எவ்வளவு?"

"கிணறும் கிணத்தடியும் எண்டு வையுங்கோவன்."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தா. "கிணத்துக்குப் போக வழி இருக்கோ?"

நல்ல கேள்விதான். ஆக்கவுரிமை மற்றவர்களைத் தடுக்க மட்டுமே உதவும். தன் பொருளைத் தான் செய்யப் போகும்போது இடையில் வேறொருவரின் உரிமை குறுக்கே கிடந்தால், அவரிடமும் கேட்டுத்தான் போக வேண்டும். இந்தத் துறையில் அப்படிக் குறுக்கே கிடக்கும் உரிமைகள் கொஞ்சநஞ்சமல்ல.

"அதை நாங்கள் பார்க்கிறேல்லை அம்மா" என்றேன்.

யன்னலில் இன்னொரு வெளிச்சம் வெட்டியது. அம்மா எண்ணத் தொடங்கினா.