எழுத்தை மிதிக்காமல் நடந்தேன்!

அமெரிக்கா போய் வந்தவர்கள் நயாகராவைப் பற்றி எழுதுவார்கள். சுதந்திர தேவி சிலையைப் பற்றி எழுதுவார்கள். மூன்று மாதம் அங்கே இருந்தும் நான் அவை ஒன்றையும் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒரு பல்கலைக்கழகத்தின் இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட்! பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை மூட்டை கட்டிய எனக்கு இப்படியும் ஒரு யோகம்!

என் தங்கை அயோவா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக் கொண்டிருந்தாள். 2023 ஆகஸ்டில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மாவுக்கோ முழங்கால் வலி. ஆகவே சுக்கு, கண்டதிப்பிலி, பெருங்காயம் சகிதம் செப்டம்பரில் நான் கிளம்பினேன்.

அயோவா ஸிட்டி சின்ன ஊர்தான். நடுவே ஓர் ஆறு. ஆற்றங்கரையில் இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட். ஆனால் ஊரின் பெயர் பெரிது. கதை, கவிதை எழுதுவதையே ஒரு படிப்பாக்கி, 1936-இல் 'ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப்' தொடங்கியது இங்கேதான். 1967-இல் கவிஞர் பால் எங்கிளும், பின்னாளில் அவருக்கு மனைவியான சீன எழுத்தாளர் ஹுவாலிங் நீயேயும் சேர்ந்து, உலகத்து எழுத்தாளர்களை வரவழைத்துத் தங்க வைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். நம் அசோகமித்திரன்கூட 1973-இல் அங்கே போய்த் தங்கியவர்தான். அந்த அனுபவத்தை வைத்தே 'ஒற்றன்' நாவலை எழுதினார். 2008-இல் யுனெஸ்கோ இந்த ஊருக்கு 'இலக்கிய நகரம்' என்ற பட்டத்தைக் கொடுத்தது.

அக்டோபர் பிறந்ததும் மரங்களைப் பார்க்க வேண்டுமே! பகல் குறையக் குறைய இலையின் பச்சை மறைந்து, உள்ளே ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறதாம். மேப்பிள் மரத்தடியில் யாரோ குங்குமத்தைக் கொட்டி வைத்தாற்போல இருக்கும். சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச் என்றால் ஊரே கறுப்பும் மஞ்சளுமாக உடுத்திக்கொண்டு கிளம்பிவிடும். மைதானத்தை ஒட்டிக் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடிந்ததும், ஆயிரக்கணக்கான ஜனங்கள் எழுந்து, மேல் மாடி ஜன்னலில் நிற்கும் நோயாளிக் குழந்தைகளைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். 2017-இல் தொடங்கிய வழக்கம். டெலிவிஷனில் பார்த்த எனக்கே கண் கலங்கிவிட்டது.

அயோவா அவென்யூ என்ற தெருவின் நடைபாதையில், அந்த மாநிலத்தோடு தொடர்புள்ள எழுத்தாளர்களின் வரிகளை வெண்கலத் தகடுகளில் பொறித்துப் பதித்திருக்கிறார்கள். எல்லாரும் சர்வசாதாரணமாக அதன் மேல் நடந்து போகிறார்கள். எனக்குக் கால் வரவில்லை. புஸ்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் எங்கே போகும்? குழந்தையின் தள்ளுவண்டியை வளைத்து வளைத்து ஓட்டினேன். தங்கை சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

ஆம், சகோதரிகளே. அந்த அழகெல்லாம் அவள் கண்ணில் படவே இல்லை. நவம்பரில் அவளுக்கு ஒரு பெரிய பரீட்சை இருந்தது. படிக்க வேண்டிய புஸ்தகங்கள் மேஜை மேல் அடுக்கி இருந்தன. ஒரு பக்கம் படிப்பதற்குள் குழந்தை அழும். குழந்தை தூங்கினாலும் இவளுக்குத் தூக்கம் வராது. சாப்பாட்டைப் பிசைந்தபடி அழுவாள். "என்னால முடியலைக்கா. படிப்பை விட்டுடறேன். நல்ல அம்மாவாவும் இல்லை, நல்ல ஸ்டூடண்டாவும் இல்லை" என்பாள்.

பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். அதற்கு மேலும் நீடித்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். "பச்சை உடம்புக்காரி அப்படித்தான் இருப்பாள்" என்று விடக்கூடாது. அழைத்துப் போனோம். டாக்டர் 10 கேள்விகள் அடங்கிய ஒரு தாளைக் கொடுத்துப் பதில் எழுதச் சொன்னார். எடின்பரோ கேள்வித்தாள் என்று பெயர். 1987 முதல் பல தேசங்களில் பயன்படுகிறது. இது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, குணமாகக் கூடியது என்று சொல்லி, வாராவாரம் மனநல ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடு செய்தார். "தினம் கொஞ்சம் வெளிச்சத்தில் நடக்க வேண்டும், தனியாக அடைந்து கிடக்கக் கூடாது" என்றும் சொன்னார்.

அடுத்த வாரம் அவளுடைய பேராசிரியையைப் பார்க்கப் போனோம். அந்த அம்மாள் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார். படிப்பை விட வேண்டாம், பரீட்சையை வசந்த காலத்துக்குத் தள்ளி வைத்துக்கொள் என்றார். விடுவதற்கும் தள்ளி வைப்பதற்கும் எத்தனை வித்தியாசம்! வெளியே வரும்போதே தங்கையின் நடை மாறி இருந்தது.

அதன்பின் தினமும் பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு மணி நேரம் குழந்தை என் பொறுப்பு. அவள் ஆற்றங்கரைப் பக்கம் நடந்துவிட்டு லைப்ரரிக்குப் போவாள். பால் கொடுக்கும்போது, படிக்க வேண்டியதையே வாய்விட்டுப் படிப்பாள். குழந்தைக்கு ஷேக்ஸ்பியர் என்ன, தாலாட்டு என்ன? அம்மா குரல்தானே வேண்டும்!

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். மாலை 5 மணிக்கே இருட்டு. அந்த நேரத்தில் அவளை வீட்டில் உட்கார விடாமல், 'ப்ரெய்ரி லைட்ஸ்' புஸ்தகக் கடைக்குக் கிளப்பிக்கொண்டு போவேன். 1978-இல் தொடங்கிய கடை. மாடியில் எழுத்தாளர்கள் தங்கள் எழுத்தைத் தாங்களே படிப்பார்கள். டிக்கெட் கிடையாது. எனக்குப் பாதிதான் புரியும். ஆனாலும், ஒருவர் படிக்க, ஐம்பது பேர் மூச்சுக் காட்டாமல் கேட்பது, நம் கோயில் கதாகாலட்சேபம் போலவே இருந்தது.

ஒர்க்‌ஷாப் வகுப்பு நடக்கும் முறையைத் தங்கை சொன்னாள். ஒருவர் எழுதிய கதையை எல்லாரும் முன்னதாகவே படித்துவிட்டு வந்து அலசுவார்களாம். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாதாம்! "இதென்ன பிரமாதம்? சாம்பார் வைத்தவள் நிலைமையும் தினம் அதுதானே!" என்றேன். இந்தத் தடவை வாய்விட்டே சிரித்தாள்.

அங்கே படித்த ஃபிளானரி ஓ'கானரின் கதையையும் சொன்னாள். 1945-இல் ஜார்ஜியாவிலிருந்து வந்த அந்தப் பெண் பேசிய தென்னாட்டு உச்சரிப்பு பால் எங்கிளுக்குப் புரியவில்லை. தாளில் எழுதிக் காட்டச் சொன்னாராம். எழுதிக் காட்டியதும் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் லூபஸ் என்ற நோய் வந்து, அம்மாவின் பராமரிப்பில் கிராமத்தில் இருந்துகொண்டே எழுதி, 39 வயதில் இறந்தாலும் பெயரை நிலைநாட்டியவர். தன் இங்கிலீஷ் உச்சரிப்பைப் பற்றிக் கூச்சப்பட்டுக் கொண்டிருந்த தங்கைக்கு அந்தக் கதை ஒரு டானிக்!

டிசம்பரில் மரங்கள் மொட்டையானபோது நான் ஊர் திரும்பினேன். 2024 வசந்த காலத்தில் அவள் பரீட்சை எழுதித் தேறினாள்.

உங்கள் வீட்டிலும் பிள்ளை பெற்ற பெண் படிப்பையோ வேலையையோ விடுகிறேன் என்று அழுதால், உடனே சரி என்றும் சொல்லாதீர்கள், அதட்டவும் அதட்டாதீர்கள். முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பிறகு, "கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளேன்" என்று சொல்லிப் பாருங்கள். கூடவே, தினமும் இரண்டு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். லேகியத்தைவிட அது நன்றாக வேலை செய்கிறது!