அண்ணாச்சியின் இருட்டறை

மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபின் அந்தக் கடைகளுக்காக வந்த அல்லிக்குளம் வளாகத்துக்குப் பழைய புத்தகம் தேடிப் போயிருந்தேன். ரேடியோ குமிழ்களுக்கும் துருப்பிடித்த டேபிள் ஃபேனுக்கும் நடுவில் ஓர் ஆக்ஃபா கிளிக் 3 கிடந்தது. “வேலை செய்யுமா?” என்றேன். “ஷோகேஸ்ல வைக்கத்தான சார் வாங்குறாங்க” என்றார் கடைக்காரர். அழுத்திப் பார்த்தேன். ‘டிக்’ என்றது. பேரம் பேசவே தோன்றவில்லை.

120 ரோல் போட்டால் சதுரமாகப் பன்னிரண்டு படம் விழும். பின்பக்கச் சிவப்புச் சன்னலில் அடுத்த எண் வரும்வரை குமிழைத் திருக வேண்டும். அம்பாசமுத்திரத்தில் எங்கள் மாமா வைத்திருந்த கிளிக்கில் ஒருதரம் திருக மறந்துவிட்டார். சித்தியின் கல்யாணக் கோலத்தின் மேல் பாபநாசத்து அருவி கொட்டியது. சித்தி அந்தப் படத்தைக் கிழிக்க விடவில்லை.

பன்னிரண்டுதான் என்பதால் வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடக்கும். “கன்னுக்குட்டிக்கு எதுக்குல ஒரு படம்?” என்று ஆச்சி சத்தம் போடுவாள். மிஞ்சிய ஒன்றிரண்டு படங்களுக்காக ரோல் அடுத்த பொங்கல்வரை கேமராவுக்குள்ளேயே கிடக்கும். தீபாவளிக்கு எடுத்த படத்தைப் பார்ப்பதற்குள் அதில் போட்டிருந்த சட்டை எனக்குச் சிறிதாகியிருக்கும்.

ரோலைக் கழுவுவது ஸ்டுடியோ அண்ணாச்சி. உள்ளே விட்டால் மூச்சுக்கூட விடாமல் நிற்க வேண்டும். ஃபிலிமைக் கழுவும்போது சிவப்பு பல்புகூட எரியாது, கும்மிருட்டு. ஃபிலிமிலிருந்து காகிதம் உரியும் சத்தம் மட்டும் கேட்கும். இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு தட்டில் இருக்கும் மருந்துக்குள் ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார். கடிகாரம் பார்க்க வழியில்லை, வாய்க்குள் எண்ணுவார். பிரிண்ட் போடுகிற நாளில்தான் சிவப்பு வெளிச்சம். வெள்ளைத் தாளில் முதலில் தலைமுடி வரும், அப்புறம் பொட்டு, கடைசியாகத்தான் முகம். ஹைப்போவில் போட்டு, அலசி, கண்ணாடியில் ஒட்டிக் காயவைப்பார். காய்ந்ததும் படபடவென்று தானே கழன்று விழும்.

ஊரில் யார் படமானாலும் முதலில் பார்ப்பவர் அவர்தான். “உம்ம மருமகன் மூணு படத்துலயும் கண்ண மூடிட்டாருவே. நாலாவது அம்சமா இருக்கு, அத மட்டும் போட்டுத் தாரேன்” என்பார். வராத படத்துக்குக் காசு கிடையாது. பெண் பார்க்க அனுப்பும் படமென்றால் நெகட்டிவில் பென்சிலால் தீற்றி அம்மைத் தழும்பை மறைத்துவிடுவார். எந்த வீட்டில் யாருக்குத் தழும்பு என்பது அவருக்கும் அந்தப் பென்சிலுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி.

அவர் கடையில் ‘இந்து’ ரோலும் இருக்கும். 1960-இல் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ஆலைச் சரக்கு. வெள்ளைக்காரன் ரோலுக்கு ஈடில்லை என்று அண்ணாச்சி முணுமுணுப்பார். ஆனாலும் ‘நம்ம மலைச் சரக்கு’ என்று அதைத்தான் எடுத்து நீட்டுவார். கலர் வந்தது, பிறகு ரோலே வேண்டாத காலம் வந்தது. நஷ்டத்தில் தள்ளாடித் தள்ளாடி அந்த ஆலை மூடப்பட்டது. இப்போது என் கிளிக்குக்கு வெளிநாட்டு ரோல்தான். ஒரு ரோல் வாங்கும் காசில் அன்றைக்கு அந்தக் கேமராவையே வாங்கியிருக்கலாம்.

குளியலறைச் சன்னலில் கறுப்புத் துணி கட்டி நானே கழுவுகிறேன். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்கிறது பாக்கெட். சென்னைக் குழாய்த் தண்ணீர் மே மாதத்தில் அதைக் கேட்டுச் சிரிக்கும். சுற்றிலும் ஐஸ்கட்டி போட்டுச் சமாளிக்கிறேன். அண்ணாச்சி மண்பானைத் தண்ணீரில் கலந்துகொண்டிருந்தது ஏனென்று இப்போதுதான் புரிகிறது.

போன தடவை ஊருக்குப் போனபோது ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. அண்ணாச்சியின் மகன்தான் நடத்துகிறார். சுவரோரம் அடுக்கி வைத்திருந்த நெகட்டிவ் பெட்டிகளைப் பற்றிக் கேட்டேன்.

“அதுவா? வெள்ளி பிரிச்செடுக்கிறவங்க வந்து கிலோ கணக்குல அள்ளிட்டுப் போயிட்டாங்க. எடை சரியாத்தான் போட்டாங்க, ஏமாத்தல” என்றார்.