நிறம் சொல்லாத வேலை

பெங்களூரு பீன்யாவில், விமானப் பாகங்களுக்குக் காட்மியம் முலாம் பூசும் சின்னப் பட்டறை அது. தொட்டிகளையும் மின்கம்பிகளையும் பார்க்கத்தான் போனேன். அதிக நேரம் நின்றது ஓவனுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய நோட்டின் முன்னால்தான். ஒவ்வொரு பேட்சுக்கும் மூன்று நேரங்கள் குறித்திருக்கிறார்கள்: முலாம் தொட்டியிலிருந்து எடுத்தது, ஓவனில் வைத்தது, ஓவனிலிருந்து இறக்கியது. முதல் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அடுத்த இடைவெளி 23 மணி நேரம். வெப்பம் 190 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்க வேண்டும்.

ஓர் இரும்புத் துண்டுக்கு ஏன் இத்தனை காவல்? அமிலத்தில் கழுவும்போதும், மின்சாரம் பாய்ச்சி முலாம் ஏற்றும்போதும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் புகுந்துவிடுகின்றன. சாதாரண இரும்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். லேண்டிங் கியரில் வரும் மாதிரியான கடினப்படுத்திய எஃகு பொறுக்காது. பொருத்திச் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து, தாங்க வேண்டிய சுமையைவிடக் குறைந்த சுமையிலேயே, வளையாமல் நெளியாமல் பட்டென்று முறியும். ஓவன் சூட்டில் அந்த ஹைட்ரஜன் மெல்ல வெளியேறுகிறது. பூச்சு பளபளப்பாக, நெருக்கமாக இருந்தால் வெளியேற வழி கிடைக்காது. அதனால் இங்கே உறுதி எஃகுக்குப் பளபளப்பூட்டும் பிரைட்னர் சேர்ப்பதில்லை. மங்கலான, நுண்துளைகள் உள்ள பூச்சுதான் போடுகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் முலாமின் மேல் குரோமேட் படலம். பட்டறை மொழியில் பாசிவேஷன், இன்னும் சுருக்கமாகக் கலர்.

"கலரைப் போட்டுட்டு ஓவன்ல வச்சா எல்லாம் போச்சு சார். மஞ்சள் இருக்கும், வேலை செய்யாது" என்றார் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தலை நரைத்த தொழிலாளி. குரோமேட் படலத்துக்கு உயிர் அதிலுள்ள ஈரம்தான். கீறல் விழுந்தால் சுற்றிலும் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் கரைந்து வந்து அந்த இடத்தைக் காக்கும். ஏறத்தாழ 65 டிகிரியைத் தாண்டினால் ஈரம் வற்றி, படலம் வெடித்து, குரோமியம் கரையாமல் இறுகிவிடும்.

ஓவனிலிருந்து வந்த காட்மியம் சோம்பிக் கிடக்கிறது. நேராகக் குரோமேட்டில் முக்கினால் நிறம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். எனவே முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சில விநாடிகள் முக்கி எழுப்பி, தண்ணீரில் அலசி, பிறகு ஆரஞ்சு நிற டைக்ரோமேட் கரைசலில் இறக்கினார். போல்ட்டுகளை மாட்டியிருந்த ஜிக்கை லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தார். வாய்க்குள் எண்ணுவது உதட்டசைவில் தெரிந்தது. வெளியே தூக்கியபோது சாம்பல் போல்ட்டுகள் மஞ்சளாகி, சாய்த்தால் பச்சையும் இளஞ்சிவப்பும் ஓடின. நான் கையை நீட்டியதும் தடுத்தார். காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி அப்போது படலம் அவ்வளவு மெத்தென்று இருக்கும். விரல் பட்டால் வழித்துக்கொண்டு வந்துவிடும். முழுதாக இறுக ஒரு நாளாகும்.

நிறம் சரியில்லை என்றால் யார் கண்ணுக்கும் தெரியும். மாதிரிகளை 96 மணி நேரம் உப்புப் புகையில் வைத்து, வெள்ளைத் துரு வருகிறதா என்றும் பார்த்துவிடலாம். ஹைட்ரஜன் போயிற்றா என்பதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. வெட்டு போட்ட சோதனைத் துண்டுகளுக்கும் அதே முலாம் போட்டு, அவற்றின் முறிவு வலுவில் 75 சதவீதச் சுமையை 200 மணி நேரம் ஏற்றிப் பார்க்கிறார்கள். அது முறை சரியா என்று சொல்லும். கையிலிருக்கும் இந்த போல்ட் ஓவனில் முழு நேரமும் இருந்ததா என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி.

ஒரு பக்கத்தில் ஒரு வரி சிவப்பு மையில் அடித்திருந்தது. இரவில் கரன்ட் போய் வெப்பம் இறங்கியதால், நேரத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். "பத்து மணி நேரத்துல எறக்கினாலும் இதே கலர்தான் சார் வரும். யாருக்கும் தெரியாது. எழுதுறவனுக்குத் தெரியுமில்ல?" என்றார். இந்த நேர்மைக்குத் தனிக் கூலி கிடையாது. விமானத்தில் ஏறும் நாம் எல்லோரும் அதை நம்பித்தான் ஏறுகிறோம்.

அவர் புறங்கையில் வட்டமாக இரண்டு தழும்புகள். முன்பு வேலை பார்த்த இடத்தில், கையுறை இல்லாத நாட்களில், குரோமியம் தின்ற புண்கள். மூக்கின் நடுச்சுவரையே அது துளைத்துவிடும். நுரையீரல் புற்றுநோய்க்கும் காரணமாகும். இங்கே தொட்டி விளிம்பில் புகையை உறிஞ்சும் குழாய் ஓடுகிறது, கையுறையும் முகக்கவசமும் இருக்கின்றன. காட்மியம் வேறு வகை. ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரை மக்களின் எலும்பை நொறுக்கிய இதாய்-இதாய் நோயை 1968-இல் அந்நாட்டு அரசு காட்மிய மாசினால் வந்தது என்று ஏற்றது. உடலுக்குள் போன காட்மியம் சிறுநீரகத்தில் பத்து, இருபது ஆண்டுகள் தங்கும். பட்டறையில் இருப்பவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை நடக்கிறது. வேலையை விட்டு ஊருக்குப் போனவர்களுக்கு? "போனவங்களை யாரு சார் கூப்பிடப் போறாங்க?" என்றார். கூப்பிட வேண்டும். போல்ட்டுக்கு இருப்பதைப் போல இவர்களுக்கும் ஒரு நோட்டு இருக்க வேண்டும். வேலையை விட்ட பிறகும் அதில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.