ஏழடிக்கு அப்பால்

நமது திருமணங்கள் பலவற்றில் மணமகனும் மணமகளும் கைகோத்து, அக்கினி சாட்சியாக ஏழடி எடுத்து வைக்கிறார்கள். பெரும்பாலான தம்பதிகள் ஒரே வேகத்தில் நடக்கும் கடைசி ஏழடியும் அதுதான்! எட்டாவது அடியிலிருந்து கணவர் பத்து கஜம் முன்னால் போய்விடுகிறார். மனைவி ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாகப் பின்னால் வருகிறாள். கோயிலுக்கானாலும் சரி, கடைத்தெருவுக்கானாலும் சரி, நம் தேசத்துத் தம்பதிகளின் ஊர்வல முறை இதுவே. இருபது வருஷ காலம் நாங்களும் அவ்வாறே ஊர்வலம் போனவர்கள்தான்.

இப்பொழுது வாரத்தில் மூன்று நாள், கிழக்கு வெளுக்கும் வேளையில், சென்னைக் கடற்கரையில் சேர்ந்து ஓடுகிறோம். உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரையில் சுமார் 3 கிலோமீட்டர். 1880-களில் சென்னைக் கவர்னராயிருந்த கிராண்ட் டஃப் துரை, இங்கே உலாவும் சாலை அமைத்து 'மெரினா' என்று நாமகரணம் செய்தார். துரை பெயர் வைத்தார். கடற்கரைக்குப் பெருமை தந்தவர்களோ நம்மவர்கள். இந்த மணலில் பாரதியார் முழங்கினார். 1919-இல் மகாத்மா ரௌலட் சட்டத்தை எதிர்த்துப் பேசினார். 1923-இல் சிங்காரவேலர் தேசத்தின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். இத்தகைய மணலின் ஓரமாக ஓடும்போது கால்களுக்குத் தாமாகவே ஓர் உற்சாகம் பிறக்கிறது.

புறப்படும் இடத்திலேயே ஒரு பாடம் நிற்கிறது. தேவி பிரசாத் ராய் சௌதுரி வடித்து 1959-இல் திறக்கப்பெற்ற உழைப்பாளர் சிலையில், நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்கின்றனர். நால்வரில் ஒருவர் மட்டும் முந்திக்கொண்டால் பாறை அசையுமா? இருவர் ஓட்டத்துக்கும் அதுவே விதி. எங்களில் மீசையுள்ளவருக்குக் கால் நீளம். மற்றவருக்கு அடி குறுகல். ஆகவே மெதுவாக ஓடுகிறவரின் வேகமே இருவரின் வேகமும் என்று முதல் நாளே ஒப்பந்தம் செய்துகொண்டோம். இதனால் வேகமுள்ளவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நெடுந்தூரம் ஓடும் சக்தி, பெரும்பாலும் நிதானமாக ஓடிப் பழகுவதால்தான் வளருகிறது. நிதானத்தை அளக்கக் கடிகாரம்கூடத் தேவையில்லை. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிகிறதா? வேகம் சரி. வார்த்தை பாதியில் அறுகிறதா? குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். பேச்சையே அளவுகோலாகக் கொண்ட தேகாப்பியாசம் தம்பதிகளுக்கென்றே ஏற்பட்டதல்லவா?

சேப்பாக்கம் அரண்மனையும் மாநிலக் கல்லூரியும் வலப்புறம் மெல்லப் பின்னே போகின்றன. அப்பால் சாலையோரத்தில், 1968-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவிய சிலைகளுள் ஒன்றாகக் கண்ணகி நிற்கிறாள். புகாரிலிருந்து மதுரை வரையில் கணவனோடு கால் நோக நடந்தவள் அவள். சிலையிலோ சிலம்பேந்தித் தனித்தே நிற்கிறாள். அவளைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் பேச்சு சற்று நின்றுவிடுகிறது.

இன்னும் சற்றுத் தூரத்தில், 1914-இல் பெண்களுக்காக ஏற்பட்ட ராணி மேரி கல்லூரி. பெண் படிக்கலாம் என்று உலகம் ஒப்புக்கொண்ட பிறகும், ஓடலாம் என்று ஒப்புக்கொள்ள நெடுங்காலம் சென்றது. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். பெண் தேகம் அதைத் தாங்காது என்று சொல்லிப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். 1960-இல்தான் அது திரும்பி வந்தது. 42 கிலோமீட்டருக்கும் அதிகமான மாரத்தான் ஓட்டம் ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் கிடைத்தது 1984-இல். நம் வீடுகளின் சரித்திரம் இதற்குக் குறைந்ததன்று. எங்களில் மற்றவர் பன்னிரண்டாம் வயதில், "பெரியவளாகிவிட்டாய், இனிமேல் ஓடாதே" என்று கேட்டவர். முப்பது வருஷம் கழித்து மறுபடியும் ஓடியபொழுது முதல் வாரம் அவர் தலை நிமிரவில்லை. வழியில் போகிறவர்களெல்லாம் தம்மையே பார்ப்பதாக எண்ணினார். மூன்றாவது வாரம் கடலைப் பார்த்தார். அன்று அவர் முகத்தில் கண்ட சிரிப்பு, கல்யாணப் புகைப்படத்திலும் காணாத சிரிப்பு.

இன்னொரு லாபத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பெண்ணுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. அனுப்பலாமா, கூடாதா என்று வீட்டில் பேச ஆரம்பித்தால், பால்காரர் வருவார், குக்கர் கூவும், அல்லது எங்களில் ஒருவருக்குக் கோபம் வந்துவிடும். ஓடும்போது கோபித்துக்கொள்ள மூச்சு போதாது! எதிரும் புதிருமாக உட்கார்ந்து வாதாடுவதற்கும், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு யோசிப்பதற்கும் எவ்வளவோ வித்தியாசம் இருக்கிறது. நான்கு நாள் ஓட்டத்தில் மீசையுள்ளவரின் பயங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. மற்றவர் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். "என்னை நிறுத்தியது போல் அவளையும் நிறுத்த வேண்டுமா?" என்று அவர் கேட்டது கலங்கரை விளக்கத்தருகில். திரும்பும் ஓட்டத்தில் வாதம் இல்லை. ரயிலில் எந்த நாளுக்கு இடம் பதிவு செய்வது என்பதுதான் பேச்சு. பெண் இப்பொழுது அங்கேதான் படிக்கிறாள்.

கலங்கரை விளக்கத்தை அடுத்த நொச்சிக்குப்பத்தில் அந்நேரம் படகுகள் கரையேறுகின்றன. கணவர் வலையிலிருந்து மீனை எடுத்துப் போடுகிறார். மனைவி விலை பேசுகிறாள். சேர்ந்து செய்வதன் அருமையை அவர்களுக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. எங்களைப் போல் நாற்காலியில் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்குத்தான் அது மறந்துபோயிற்று.

ஆகையால், வாசகத் தம்பதிகளே! கடல் இல்லாத ஊரானால் ஏரிக்கரை இருக்கும்; ஏரியும் வற்றிவிட்டதென்றால் தேரோடும் வீதி இருக்கும். நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் வைத்தியரைக் கண்டு வாருங்கள். ஆரம்பத்தில் ஒரு நிமிஷம் ஓடி இரண்டு நிமிஷம் நடந்தால் போதும். காலுக்குப் பொருத்தமான பாதரட்சை வேண்டும். காதில் பாட்டுக் கருவி வேண்டாம். ஊரார் ஒரு வாரம் பார்ப்பார்கள். அடுத்த வாரம் அவர்களுக்கு வேறு வேலை வந்துவிடும். உங்களுக்கோ, விடிந்ததும் பேசிக்கொள்ள ஒரு துணை இருக்கும், அதுவும் பத்து கஜம் பின்னால் அல்ல, பக்கத்திலேயே!