ஓக்கில் ஊறிய ஏலை ருசி பார்ப்பது

எங்கள் பீப்பாய்க் கூடத்துக்கு வேலை பழக வரும் பிள்ளைகள் முதல் வாயிலேயே வெனிலாவைத் தேடுவார்கள். வெனிலா வரத்தான் செய்யும். அமெரிக்க ஓக் என்றால் தேங்காய் வாசனையும் சேர்ந்தே வரும். அதெல்லாம் மரம் தானாகக் கொடுப்பது. 11 சதவீத ஆல்கஹால் உள்ள ஏல் பீரை மாதக்கணக்கில் பீப்பாயில் போட்டுவைப்பது, மால்ட்டின் இனிப்பும் ஆல்கஹாலின் காட்டமும் ஒன்றோடொன்று இணங்கிப்போக வேண்டும் என்பதற்காக. இணங்கிவிட்டதா என்று பார்ப்பதுதான் ருசி பார்க்கிறவர் வேலை.

இங்கிலாந்தில் இருக்கும் எங்களுக்கு வருபவை பெரும்பாலும் போர்பன் விஸ்கி பீப்பாய்கள், சுமார் 200 லிட்டர் கொள்பவை. போர்பனை உட்புறம் கரித்த புது ஓக்கில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் ஒருமுறை பயன்பட்டதும் விற்பனைக்கு வந்துவிடும். வந்த அன்றே பீப்பாயின் வாயை அடைத்திருக்கும் பங்கு என்ற மூடியைக் கழற்றி மூக்கை வையுங்கள். விஸ்கி மணம் சுத்தமாக வந்தால் சரி. காடி நெடியோ பூஞ்சை நெடியோ தட்டினால், என்ன விலை கொடுத்திருந்தாலும் அதில் ஏலை இறக்காதீர்கள். பலகைகள் காய்ந்து சுருங்கியிருந்தால் வெந்நீர் ஊற்றி உப்பவையுங்கள். பெரும்பாலான கசிவு அதிலேயே நின்றுவிடும்.

ருசி பார்க்க பங்கைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்று உள்ளே போகும், காற்றோடு புளிப்பும் ஏறும். கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலையைச் சேர்ந்த வின்னி சிலுர்சோ பரப்பிய வழி ஒன்று இருக்கிறது: பீப்பாயின் முகப்பலகையில் சின்னத் துளை போட்டு, துருப்பிடிக்காத எஃகு ஆணியை அடித்துவைப்பது. பிடுங்கினால் நூல்போலப் பீய்ச்சும். கோப்பையில் இரண்டு விரல் அளவு பிடித்ததும் ஆணியைத் திருப்பி அடித்துவிட வேண்டும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்த பிளெண்டர் (ஏல்களைக் கலப்பவர்) முதல் மிடறு குடித்துவிட்டு எதுவும் சொல்லமாட்டார். கோப்பையை உள்ளங்கையில் பொத்தியபடி கூடத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு வருவார். 12 டிகிரி குளிரில் இந்த ஏல் தன் மணத்தில் பாதியை மறைத்துவைத்துக்கொள்ளும். ஒருமுறை ஒரு பையன் வெனிலா மணத்தில் மயங்கி, “தயார்” என்று சாக்பீஸால் குறி போட்டுவிட்டான். அவர் திட்டவில்லை. அதே கோப்பையை அவன் கையில் கொடுத்து, வேறு வேலைக்கு அனுப்பாமல் பக்கத்திலேயே உட்காரவைத்தார். கைச்சூடு ஏற ஏற, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி மேலே வந்தது. குறியை அவனே அழித்தான்.

சூடேறிய பிறகு நல்ல ஏல் எப்படி இருக்கும்? முதலில் உலர்திராட்சை, பேரீச்சை, பிறகு ஷெர்ரி போன்ற பழைய மணம். விழுங்கியதும் மேலீறில் மெல்லிய துவர்ப்பு ஓடும். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்ததுபோல அதன் பின்னாலேயே இனிப்பு திரும்பி வரவேண்டும். துவர்ப்பு மட்டும் நின்று நாக்கு வறண்டால் மரம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். தோல், குதிரைலாய வாசனை லேசாக எட்டிப்பார்த்தால் பயப்படாதீர்கள். அது பிரெட்டனோமைசிஸ் ஈஸ்டின் வேலை. கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசென் 1904இல் அறிவித்த அந்த ஈஸ்ட், நெடுநாள் வைத்த ஆங்கில ஏலில் இருந்துதான் கிடைத்தது. பழைய ஆங்கிலச் சுவையில் அதற்கும் பங்கு உண்டு.

மரம் மிஞ்சிய பீப்பாயைக் கொட்டிவிட வேண்டியதில்லை, புது ஏலோடு கலக்கலாம். சஃபோக்கின் கிரீன் கிங் ஆலை, பெரிய ஓக் தொட்டிகளில் இரண்டாண்டுக்குக் குறையாமல் ஊறிய 12 சதவீத ‘ஓல்ட் ஃபைவ் எக்ஸ்’ ஏலைப் புது ஏலோடு கலந்துதான் 6 சதவீத ‘ஸ்ட்ராங் சஃபோக்’ செய்தது. கலப்பதை முதலில் அளவுக்குழாயில் செய்துபாருங்கள்: ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று. பிடித்த கலவையைச் சின்ன பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி மூடி, ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் காபி குடிக்கும் முன் மறுபடி ருசி பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் பம்பைப் போடலாம்.